கருங்கல் என்று ஒரு கல் இல்லை

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அஸ்திவாரம், மதில், கோயில் படி என எங்கு திரும்பினாலும் கல்தான். ஆனாலும் கல்லைப் பார் என்றால் ஆள் வருவதில்லை. வகுப்பறையில் பஞ்சுக்குள் வைத்த துண்டுகளைக் காட்டி, தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயரை மனப்பாடம் செய்யவைத்தால் எப்படி வருவார்கள்? பள்ளியின் மதிலே உருமாறிய பாறை. அதன் பக்கம் பிள்ளைகளை அழைத்துப்போக யாருக்கும் தோன்றுவதில்லை.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட வேதிச் சேர்மானமும் ஒழுங்கான அணு அடுக்கும் உள்ளது கனிமம். கனிமங்கள் சேர்ந்தது பாறை. நம் ஊருக்கு ஐந்து கனிமம் போதும். கண்ணாடியைக் கீறும் குவார்ட்ஸ், வெயிலில் திருப்பினால் தட்டையாக மின்னும் ஃபெல்ஸ்பார், ஏடு ஏடாக உரியும் கறுப்பு மைக்காவான பயோடைட், சிவப்பு மணியாகக் கார்னெட், விரலைக் கறுப்பாக்கும் கிராஃபைட். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். புதிதாக உடைந்த முகத்தை மட்டும் பாருங்கள், அதுவும் நனைத்து.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கருங்கல் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு கல். ஒன்று நைஸ்: பயோடைட் வரிசைகட்டி நிற்பதால் சாம்பல் உடம்பில் கறுப்பு வரிகள் ஓடும். மற்றது சார்னோகைட்: வரி மங்கி, ஃபெல்ஸ்பார் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-ல் புவியியலாளர் ஹாலண்ட் வைத்த பெயர் அது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நைஸின் விரிசல்கள் வழியே கரியமில வாயு நிறைந்த திரவம் ஏறியது என்பது பலர் ஏற்கும் விளக்கம். பயோடைட் தன்னிடமிருந்த நீரை இழந்தது. அதன் இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரில்லாத கனிமம் பிறந்தது. ஆகவே ஒரே கல்லுக்குள், ஒரு சாண் தூரத்தில், நைஸ் சார்னோகைட்டாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பொன்முடிப் பக்கத்துக் குவாரிப் பாறைகளை ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்தது இதற்காகத்தான். வரி எங்கே நிற்கிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று அந்த விளிம்பைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டையும் 'கிரானைட்' என்று விற்கும் ஷோரூம்காரர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. பளபளப்பாகத் தேய்த்த பலகையில் நிறம் தெரியும். கல் உடையும் விதம் தெரியாது. கேதுவுக்கு வைடூரிய மோதிரம் போடும் மோகம் அதைவிட மேம்போக்கு. அந்த வைடூரியம் கிரைசோபெரில், கடினம் எட்டரை, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெக்மடைட் என்ற, பெரிய படிகங்கள் கொண்ட பாறைகளில் பிறப்பது. மோதிரம் போட்டவர்களிடம் பெக்மடைட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்!

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே 1956-ல் போட்ட எல்லை பாறைக்குத் தெரியாது. களியக்காவிளையைத் தாண்டினாலும் இதே குடும்பம்தான். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டிக்கிடந்த இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், தொடங்க நல்ல இடம் அருவிப்புறம். 1888-ல் நாராயண குரு நெய்யாற்றிலிருந்து கல் எடுத்துப் பிரதிஷ்டை செய்த இடம். ஆறு கழுவிய பாறை அங்கே தாராளம். அவ்வளவு தூரம் முடியாதென்றால், மழை விட்டதும் வீடு கட்டும் இடத்து ஜல்லிக் குவியலுக்குப் போங்கள். பாதி சாம்பல், பாதி பச்சையாக ஒரு துண்டு கிடைத்தால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜல்லிக்கு எந்த மேஸ்திரியும் கணக்குப் பார்க்கமாட்டார். குவாரிக்குள் மட்டும் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள்.