நெஞ்சு நோயும் தமிழ் வசனமும்

நமது பத்திரிகைகளிலே கவிதைக்கு மதிப்புரை உண்டு; கதைக்கு உண்டு; நாடகத்துக்கும் உண்டு. ஒரு செய்யுளில் எதுகை வழுவினால் அதைச் சுட்டிக்காட்டப் புலவர் பலர் முன்வருவர். ஆனால் மனிதனுடைய உடலைப் பற்றியும் அதற்கு வரும் நோயைப் பற்றியும் தமிழில் எழுதப்படும் நூல்களை எடுத்து, இவை செம்மையாக எழுதப்பட்டனவா, படித்தவனுக்கு விளங்கினவா என்று ஆராய்வோரைக் காண்பது அரிதாக இருக்கிறது. எதுகை வழுவினால் செவிக்கு மட்டுமே குறை. மருத்துவக் கட்டுரையிலே சொல் வழுவினால் உயிருக்கே குறை. ஆதலின் இவ்வகை எழுத்தையும் இலக்கிய விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்பது நமது கருத்து.

அதற்கு அளவுகோல் யாதெனின், நடுநிசியில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும்போது, அருகிலிருப்பவர்க்கு அந்தக் கட்டுரை நினைவுக்கு வருகிறதா, வந்தால் தக்கதைச் செய்யத் தூண்டுகிறதா என்பதேயாகும். இதைவிடக் கடுமையான பரீட்சை எழுத்துக்கு வேறில்லை.

இதை நாம் ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், காஹாங்கையடுத்த தோட்டமொன்றில், விடியுமுன் பிரட்டுக்கு வந்த மண்டோர் ஒருவர் மார்பு கனக்கிறது என்றார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. சுற்றி நின்றவர்கள், “அண்ணே, இது வாயுதான், நேற்றிரவு மொச்சை தின்றதன் வினை” என்று தேற்றினார்கள். ஒருவர் இஞ்சி தட்டிப்போட்டு வெந்நீர் கொடுத்தார். மற்றொருவர் மார்பிலே தைலம் தேய்த்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இவ்வாறு கழிந்த பிறகே வண்டி கிளம்பிற்று. மெர்சிங் சாலை வழியே குளுவாங் நகரம் போய்ச் சேருமுன் அவர் உயிர் நீத்தார். அன்று கிராணியாக அங்கே நின்ற நமது மேசை அறையிலே, இதய நோயைப் பற்றிய ஆங்கிலச் சிறுநூல் ஒன்று கிடந்தது. அதை நாம் படித்தும் இருந்தோம். ஆங்கிலப் பள்ளியிலே கற்ற நமக்கு அதன் ஒவ்வொரு வரியும் விளங்கியது. ஆயினும், “ஐயா, இது வாயுவன்று” என்று சொல்லிக் காரணத்தைத் தமிழிலே நான்கு வாக்கியத்தில் எடுத்துரைக்க நமக்கு நா எழவில்லை. கற்ற கல்வி அறைக்குள்ளே பூட்டிக் கிடந்தது. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததென்றே வாசகர்கள் கொள்ளலாம்.

நிற்க. தமிழிலே மேனாட்டு மருத்துவத்தை எழுத முடியாது என்று சொல்வோர் இன்றும் உளர். அவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பார் 1847இல் இலங்கைக்கு வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் சென்றுவிட, கிராமத்திலே நோயாளி கைவிடப்படுவதைக் கண்டார். தமிழிலே கற்பித்தால் கற்றவன் தன் ஊரிலேயே நிலைப்பான் என்று துணிந்து, 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலிய பெருநூல்கள் அவருடைய முயற்சியாலும் அவர்தம் மாணவர் துணையாலும் தமிழில் வெளிவந்தன. 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும் வரை அவர் தமிழ்ப் பணியை விடவில்லை.

இத்தொண்டின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்நியர் ஒருவர் தமிழால் முடியும் என்று செய்துகாட்டிய பிறகும் தமிழர் ‘முடியாது’ என்பது நகைப்புக்கிடமானது. ஆனால் விமரிசனம் என்பது வணக்கத்தோடு முடிவதன்று. கிரீன் அவர்கள் உடற்கூற்றை ‘அங்காதிபாதம்’ என்றார். உடலியக்க நூலைச் ‘சுகரணம்’ என்றார். ரசாயனத்தைக் ‘கெமிஸ்தம்’ என்றார். வைத்திய மாணவன் ஆசிரியரிடம் பாடங்கேட்டு இவற்றை மனனம் செய்துகொள்ளலாம். ஆசிரியர் இல்லாத குடியானவன் யாரைக் கேட்பான்? அந்நூல்கள் வைத்தியனை உண்டாக்க எழுந்தவை. நோயாளிக்கு அறிவு புகட்ட எழுந்தவையல்ல. அவற்றின் சொற்களிற் பல வழக்கொழிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நமது துணிபு. சந்தைக்கும் சமையற்கட்டுக்கும் வராத சொல் அகராதியிலேயே முதுமையடைந்துவிடுகிறது.

பின்னர் 1916இல் சேலத்தில் இராஜாஜி அவர்களும் வெங்கடசுப்பையர் அவர்களும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டனர். இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டார். அப்பெயரிலேயே ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது: சாஸ்திரம் கல்லூரியை விட்டிறங்கித் திண்ணைக்கு வரவேண்டும் என்பதே அது. வழக்கறிஞராகிய பெ. நா. அப்புஸ்வாமி அவர்கள் தம் நீண்ட வாழ்நாளில் விஞ்ஞானக் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதிக் குவித்தார். விஞ்ஞானம் எழுத விஞ்ஞானியாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. விளங்கிக்கொண்டவன், விளங்காதவனை மறவாது எழுதினாற் போதும் என்பதற்கு அவர் சான்று.

இனி, நமது நாட்டிலே இன்று வழங்கும் சொற்களைச் சிறிது ஆராய்வோம். சொல் என்பது வெறும் பெயரன்று. அது ஒரு சிறு விளக்கம். விளக்கம் தவறானால் நடத்தையும் தவறாகும்.

‘இரத்தக் கொதிப்பு’ என்கிறோம். இச்சொல்லைக் கேட்டவன் என்ன எண்ணுகிறான்? கோபக்காரனுக்கே இரத்தம் கொதிக்கும்; நாம் சாந்தமானவர்கள்; நமக்கு அது வராது என்று எண்ணுகிறான். வந்ததாக டிரெசர் சொன்னாலும், இளநீர் குடித்து உடம்பைக் குளிரச்செய்து, மாத்திரையை நிறுத்திவிடுகிறான். உண்மையில் இரத்தம் கொதிப்பதுமில்லை, ஆறுவதுமில்லை. இரத்தம் குழாயின் சுவரை அழுத்தும் வேகமே அதிகப்படுகிறது. மேல் எண் 140க்கும் கீழ் எண் 90க்கும் ஏறி நிலைத்திருந்தாலும், பெரும்பாலோர்க்கு ஒரு வலியும் தெரியாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவிலே வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேருக்கு இந்நிலை உண்டெனக் கண்டது. அளந்து பார்த்தாலன்றி அறியமுடியாத ஒன்றுக்குக் கொதிப்பு என்று பெயரிட்டு, கொதிக்கும்வரை காத்திருக்கச் செய்துவிட்டோம். ‘இரத்த அழுத்தம்’ என்னும் சொல்லே செம்மையானது; எழுதுவோர் அதனையே வழங்குக.

‘இனிப்பு நீர்’ என்னும் சொல் மலாய் மொழியின் ‘கெஞ்சிங் மானிஸ்’ வழியே நம்மிடம் புழங்குகிறது. சொல் எளியது, ஆனால் இனிப்பை மட்டும் விட்டால் போதும் என்னும் மயக்கத்தை வளர்க்கிறது. சீனி போடாத தேநீரைக் குடித்துவிட்டு, மூன்று தட்டுச் சோறு உண்பாரை நாம் தினமும் காண்கிறோம். சோறும் உடலிலே சர்க்கரையாகத்தான் மாறுகிறது என்ற ஒரு வாக்கியத்தை அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதுவது எழுத்தாளன் கடமை. அந்நோய் இதயத்தின் குழாய்களையும் கெடுக்கும் என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

‘வாயு’ என்னும் சொல்லையோ நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் மிகினும் குறையினும் நோய் என்பது நம் முன்னோர் கண்ட கொள்கை. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தை அதனைக் குறிப்பிட்டே தொடங்குகிறார். அக்காலத்து அறிவுக்கு அது உயர்ந்ததே. ஐரோப்பியரும் கேலன் என்பாரின் கொள்கையை ஏறத்தாழ 1400 ஆண்டுகள் வேதம்போல் நம்பியிருந்தனர். 1628இல் வில்லியம் ஹார்வி என்பார் இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்று நிலைநாட்டிய பின்னரே அவர்கள் மாறினர். அறியாமை எந்த இனத்துக்கும் தனியுடைமையன்று. அறிந்த பின்னும் மாறாதிருப்பதே இழிவு.

இனி எழுதவேண்டிய முறை எது என்பாருக்கு, நம்மாலியன்ற ஒரு மாதிரியைக் காட்டுகிறோம். பிழையிருப்பின் அறிஞர் திருத்துக.

இதயம் ஒரு கைப்பிடி அளவுள்ள தசை. அது மார்பின் நடுவே, சற்று இடப்புறம் சாய்ந்து கிடக்கிறது. தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு போல, நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. பம்புக்கும் எண்ணெய் வேண்டுமன்றோ? இதயத்தின் அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், அதன் தசை அந்த இரத்தத்தை நேரே பருகுவதில்லை. அதற்கென்று சிறு குழாய்கள் தனியே ஓடுகின்றன. ஆண்டுக்கணக்கில் அக்குழாயின் சுவருக்குள்ளே கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பாலுள்ள தசை, வாய்க்கால் அடைபட்ட பாத்திபோல வாடுகிறது. முதல் அரைமணிக்குள்ளேயே அது சாகத் தொடங்கும். செத்த தசை மீண்டும் முளைக்காது. மருத்துவமனையிலே உறைவைக் கரைக்க மருந்துண்டு. குழாயை விரித்துத் திறக்கவும் வழியுண்டு. ஆனால் அவையெல்லாம் தசை உயிரோடிருக்கும்போதே பயன்படும். ஆகவே மார்பு நடுவே கனமோ இறுக்கமோ தோன்றி, தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினாலும், குளிர்ந்த வியர்வையும் மூச்சுமுட்டலும் கூடினாலும், வாயுவா அன்றா என்று வழக்காடாமல் 999ஐ அழைக்கவேண்டும். பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், சோர்வும் குமட்டலும் மூச்சுத்திணறலுமாக மட்டும் இது வரக்கூடும்.

இவ்வளவே. இதில் விளங்காத சொல் எது? இதனை எழுத நம்மவர்க்கு என்ன தடை?

தடை மொழியிலன்று, எழுதும் மனப்பான்மையிலே இருக்கிறது. இன்று வரும் கட்டுரைகளிலே மூன்று குற்றங்களைக் காண்கிறோம். முதலாவது, அச்சுறுத்தல். படித்தவன் நடுங்கிப்போய், சோதிக்கச் சென்றால் நோய் தெரிந்துவிடுமே என்று சோதனைக்கே போகாமலிருக்கிறான். இரண்டாவது, ஒரே பொருளைத் தெய்வமாக்கல். பூண்டு போதும் என்பார் ஒருவர். மருதம்பட்டை போதும் என்பார் மற்றொருவர். இவ்வாறு எழுதியதை நம்பி மாத்திரையைக் கைவிட்டவனுக்கு எழுதியவர் பொறுப்பேற்பாரா? மூன்றாவது, யாருக்கு எழுதுகிறோம் என்பதை மறத்தல். காலையிலே பூங்காவில் உலாவுங்கள் என்று, விடியற்காலை முதல் செம்பனைக் குலை அறுத்துச் சுமக்கிறவனுக்கு அறிவுரை கூறுவதால் என்ன பயன்? அவனுக்குச் சொல்லவேண்டியது வேறு. ‘உழைக்கிறவனுக்கு நெஞ்சு நோய் வராது’ என்று அவன் நம்பியிருக்கிறான். உழைப்பு நல்லதே, ஆயினும் புகையிலையின் கேட்டையும், கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பின் கேட்டையும், டின்பால் தேநீரின் கேட்டையும், சம்சுவின் கேட்டையும் அவ்வுழைப்பு துடைத்துவிடாது என்று அவனுக்கு எடுத்துரைக்கவேண்டும்.

இம்மூன்றினும் கொடியது ஒன்றுண்டு. அதுவே விதிவாதம். “ஆயுசு அவ்வளவுதான், எழுதிய எழுத்து” என்று சாவு வீட்டிலே சொல்லி எழுந்துவிடுகிறோம். மேலே கூறிய மண்டோர் வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவருடைய மனைவியார் மட்டும், “முன்னாடியே கொண்டுபோயிருந்தா?” என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். நாம் தலை குனிந்தோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் உலகிலே ஏறத்தாழ 1 கோடியே 79 இலட்சம் பேர் இதய, இரத்தக்குழாய் நோய்களால் மாண்டனர். அத்தனை பேருக்கும் ஒரே எழுத்தாணி கொண்டு தலையில் எழுதினார் ஒருவர் என்று நம்புவதைவிட, அவற்றுள் பல தடுக்கத்தக்கவை என்று நம்புவது பகுத்தறிவுக்கும் பொருந்தும். மனித அன்புக்கும் பொருந்தும்.

ஆகையால் நாம் வேண்டுவது இதுவே. தமிழறிந்த டாக்டர்களும், டாக்டர்கள் சொல்வதை அறிந்த ஆசிரியர்களும் கிராணிகளும் இத்துறையிலே எழுத முன்வருக. எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன், பால் வெட்டும் ஒருவருக்கும், அடுப்படியில் நிற்கும் ஓர் அம்மையாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுக. அவர்கள் திருப்பிச் சொல்லமுடியாத வாக்கியத்தை அடித்துவிடுக. பத்திரிகைகளும் அத்தகைய எழுத்தைக் கதையோடும் கவிதையோடும் ஒரே பந்தியில் அமர்த்தி, குணங்குற்றம் ஆராய்ந்து மதிப்புரை வழங்குக.

கிரீன் அவர்கள் மானிப்பாயிலே வைத்தியர்க்குத் தமிழில் ஒரு நூல்நிலையம் கட்டினார். நோயாளிக்குரிய நூல்நிலையம் இன்னும் கட்டப்படவில்லை. அதற்குரிய செங்கற்கள் நமது தோட்டத்துப் பேச்சிலேயே கிடக்கின்றன. எடுத்தடுக்க வேண்டியதே நம் வேலை.