விரலுக்குத் தெரியும் இறுக்கம்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய டாட்ஜ் ராம் 2500 பிக்கப்பின் முன்பக்கம் ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைத் தாங்குகிறது. அத்தனை பாரத்தின் கீழும் சக்கரம் இலகுவாகத் திரும்புவது பக்கத்துக்கு இரண்டு பால் ஜாயின்ட்களால், அதாவது குழிக்குள் சுழலும் உருண்டை முனை கொண்ட இணைப்புகளால். தேய்ந்துபோனவற்றுக்கு மாற்று வாங்கும்போது, பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிட விரல்கள் சொல்வதைத்தான் நம்புவேன். வெளியே நீளும் தண்டான ஸ்டட்டைப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுற்றினால், நல்ல ஜாயின்ட் கெட்டித் தேனில் கரண்டி நகர்வதுபோல் நகரும். இறுக்கம் இருக்கும், எங்கேயும் சொரசொரப்பு இருக்காது. ரப்பர் உறை மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். மண்ணும் தண்ணீரும் உள்ளே புகாமல் காப்பது அதுதானே!

கிரீஸை உள்ளேயே வைத்து நிரந்தரமாக அடைத்து வரும் ஜாயின்ட்கள் பராமரிப்பு கேட்பதில்லை. எனக்கோ கிரீஸ் நிப்பிள் வைத்தவை மேல்தான் பிரியம். கிரீஸ் கன்னை அழுத்த அழுத்த, கறுத்த பழைய கிரீஸ் ஓரமாகப் பிதுங்கி வெளியேறும். பின்னாலேயே புதியது பளபளவென்று எட்டிப்பார்க்கும். பொருத்துகிற மெக்கானிக்கின் நிதானமும் பார்க்க அழகு. பிரஸ்ஸைக் கொஞ்சம் இறுக்குவார், குனிந்து பார்ப்பார், மறுபடி கொஞ்சம் இறுக்குவார். ஜாயின்ட் கோணலாக இறங்கினால் துளையே கெட்டுவிடும்.