சொல்லுக்குப் பின்னால் வரும் சொற்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோலையும் ஷூவையும் படமெடுப்பவர்களுக்கு லைட்ரூம் கிளாசிக் மென்பொருளின் குறிச்சொல் அடுக்கு பெரிய வரம். தொழிலே அடுக்கடுக்கானது: தோல், அதற்குள் ஆடு, மாடு, எருமை, ஒவ்வொன்றிலும் வெட் ப்ளூ, கிரஸ்ட், ஃபினிஷ்ட் என்ற நிலைகள். குரோமில் பதனிட்ட ஈரத்தோலின் அந்த வெளிர்நீலத்தைப் பார்த்ததும், ஆட்டுக்குக் கீழுள்ள ‘வெட் ப்ளூ’வை மட்டும் இட்டால் போதும். எக்ஸ்போர்ட் செய்கையில் ‘ஆடு’, ‘தோல்’ இரண்டும் தாமாகவே கூடப் போகும்.

எதை அனுப்பக் கூடாது என்பதற்கும் இதில் இடமுண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ‘எக்ஸ்போர்ட்டில் சேர்’ என்று தனி டிக். வாங்கும் கம்பெனிகளின் பெயர்களில் அதை எடுத்துவிட்டால், ஒருவருக்குச் செய்த மாதிரிப்பொருள் யாருடையது என்பது இன்னொருவருக்குப் போகாது. தொழில் நாணயம் காக்கும் டிக் அது. ஆனால் அந்தப் பெயர்களுக்கு மேலுள்ள குறிச்சொல்லில் மட்டும் எடுத்தால் போதாது, ஒவ்வொரு பெயரிலும் எடுக்க வேண்டும்.

அடுக்கு குலையாமல் போக, எக்ஸ்போர்ட் பெட்டியில் அதற்கான தேர்வையும் போடுங்கள். மொத்தமாக அனுப்புமுன் ஒரே ஒரு படத்தை வெளியே எடுத்து, அதில் ஏறியிருக்கும் சொற்களைப் படித்துப் பாருங்கள்.