முப்பத்திரண்டு பைட்டின் நயம்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. 1892 இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழில் ஊறியவர், விஞ்ஞானப் பட்டதாரியும்கூட. 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலைத் திறந்தால் பண்ணுக்குப் பக்கத்திலேயே பின்னக் கணக்கு வந்து உட்கார்ந்திருக்கும். கணக்கையும் ரசித்து வாசிக்கலாம் என்பதற்கு எங்களுக்கு வெளியூர்ச் சாட்சி தேவையில்லை. அந்தத் துணிச்சலில், பாட்டோ கதையோ அல்லாத ஓர் எழுத்தை இங்கே நயம் பாராட்ட எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் மிப்ஸ் என்னும் புரொசெசர் குடும்பத்துக்காக எழுதப்பட்ட பகுதியில், ஜெனெக்ஸ் என்ற கோப்பில் வரும் சில வரிகள் அவை.

மிப்ஸை நம்மில் பலர் பெயர் தெரியாமலே வீட்டில் வைத்திருக்கிறோம். கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுங்கும் பழைய வைஃபை ரவுட்டர்களில் ஏராளமானவற்றுக்குள் இருப்பது அதுதான். டிபி-லிங்க் நிறுவனத்தின் 841என் ரவுட்டரின் பல பதிப்புகளில் அதரோஸ் வடிவமைத்த மிப்ஸ் சிப் இருந்தது. கூடவே 4 மெகாபைட் பிளாஷ், 32 மெகாபைட் நினைவகம். முதல் பிளேஸ்டேஷனில் விளையாடியவர்களும் மிப்ஸில்தான் விளையாடினார்கள். 1981 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்னஸியின் குழு தொடங்கிய ஆய்வு அது. 1991 இல் வந்த ஆர்4000 அதன் 64 பிட் வாரிசு. கேர்னலின் மிப்ஸ் பகுதியில் ஆர்4கே என்று தொடங்கும் பெயர்களெல்லாம் அந்தச் சிப்பின் நினைவாக நிற்பவை.

கேர்னலின் பெரும்பகுதி எல்லாச் சிப்புகளுக்கும் பொதுவானது. மென்பொருள் உலோகத்தைத் தொடும் அந்தக் கடைசிச் சாணை மட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக எழுத வேண்டும். இன்டரப்ட் என்னும் வன்பொருளின் குறுக்கீட்டு அழைப்பு வந்தால் எப்படிப் பதில் சொல்வது, முகவரியை எப்படி மாற்றுவது, வேலை இல்லாவிட்டால் எப்படி உறங்குவது என்பவை அங்கே இருக்கும். மிப்ஸுக்கான அந்தப் பகுதியை 1990களிலிருந்து நீண்ட காலம் ரால்ப் பேக்லே பராமரித்தார். 2020 முதல் தாமஸ் போகென்டோர்பர் பார்க்கிறார். மிப்ஸ் நிறுவனமோ 2021 இல், இனி ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வடிவமைப்பின் வழியில் போவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் விற்ற சிப்புகள் விற்றவைதான். பொதுப்பகுதி மாறிக்கொண்டே இருப்பதால் அந்தக் கடைசிச் சாணும் கூடவே மாற வேண்டியிருக்கிறது.

இனி நம் வரிகளுக்கு வருவோம்.

ரவுட்டருக்கு எந்நேரமும் வேலை இருப்பதில்லை. நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட, ஒரு தரவுப் பொதிக்கும் அடுத்ததற்கும் நடுவே சிப்பின் கணக்கில் நெடும்பொழுது கழிகிறது. அந்த இடைவெளியில் சும்மா சுழலாமல் உறங்குவதற்கு மிப்ஸில் ‘வெயிட்’ என்று ஓர் அறிவுறுத்தல் உண்டு. அதை ஓட்டியதும் சிப் நிற்கும். இன்டரப்ட் வந்து எழுப்பினால்தான் மீண்டும் அசையும்.

உறங்குமுன் கேர்னல் ஒரு கொடியைப் பார்க்கிறது: யாருக்காவது முறை கொடுக்க வேண்டியிருக்கிறதா? இல்லையென்றால் வெயிட். பார்ப்பது ஒரு செயல், உறங்குவது இன்னொரு செயல். இரண்டுக்கும் இடையே, ஒரு நொடியைக் கோடியாக வகுத்ததில் ஒரு பங்குக்கும் குறைந்த சந்து இருக்கிறது. சரியாக அந்தச் சந்தில் இன்டரப்ட் வந்து கொடியை ஏற்றிவிட்டுப் போனால் என்ன ஆகும்? கேர்னல் விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். விட்ட இடத்தில் நிற்பது வெயிட். கொடி பார்த்தாகிவிட்டது, இனி யாரும் பார்க்கப்போவதில்லை. வேலை வாசலில் நிற்கச் சிப் உறங்கிவிடும்.

இன்டரப்ட்டை அடைத்துவிட்டுக் கொடியைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அடைத்த நிலையில் வெயிட் சொன்னால் எழும்பும் சிப்புகளும் உண்டு, எழும்புமென்ற உறுதி தராத சிப்புகளும் உண்டு. முன்னவற்றுக்கு வேறோர் எளிய வழி கேர்னலில் இருக்கிறது. தொடங்கும்போதே சிப்பை அடையாளம் கண்டு எது பொருந்துமோ அதைத் தெரிவு செய்யும். மற்றவற்றுக்குத்தான் இந்தச் சிக்கல்.

2008 இல் அட்சுஷி நெமோட்டோ இதற்கு ஒரு தீர்வு எழுதினார். சந்தை அடைக்க முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். சந்தில் யாராவது அகப்பட்டால், கொடி பார்க்கும் இடத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதுதான் யோசனை. இன்டரப்ட் வரும்போது, திரும்பிப் போகவேண்டிய முகவரியைச் சிப் ஒரு தனிப் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைத் திருத்தினால் போதும்.

யோசனை நல்லது, அதைக் கட்டிய விதம் அதனினும் நல்லது. உறங்கும் பகுதி மொத்தம் 8 அறிவுறுத்தல்கள். மிப்ஸில் ஓர் அறிவுறுத்தல் 4 பைட். ஆக 32 பைட். அந்த எட்டில் வேலை செய்பவை நான்கே: கொடியை எடு, வேண்டிய பிட்டை மட்டும் பிரி, ஏறியிருந்தால் தாவு, இல்லாவிட்டால் உறங்கு. மிச்சம் நான்கும் ‘நாப்’, ஒன்றுமே செய்யாதவை. அவற்றில் ஒன்று தாவலுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. மிப்ஸில் தாவச் சொன்ன பிறகும் அடுத்து நிற்கும் அறிவுறுத்தல் ஒன்று ஓடியே தீரும். அந்த இடத்தில் ஆபத்தில்லாத ஒன்றை நிறுத்த வேண்டும். இதை வாசகருக்கு நினைவூட்ட, அந்த வரியை மற்ற வரிகளைவிட ஒரேயொரு இடைவெளி உள்ளே தள்ளி எழுதுவது மிப்ஸ் எழுத்தாளர்களின் வழக்கம். சிப் அந்த இடைவெளியைக் காணாது, வரிகளைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் அசெம்பிளரும் பொருட்படுத்தாது. வாசிக்கும் மனிதருக்காக மட்டும் வைத்தது அது.

மற்ற நாப்களில் பொதுவாக இடத்தை நிரப்பும் வேலையைப் பார்க்கலாம். வெயிட் சரியாக எட்டாவது இடத்தில், 32 பைட்டின் கடைசியில், வந்து விழுந்தாக வேண்டும். உறங்கி எழுந்த சிப்பின் திரும்பும் முகவரி இயல்பாக அதற்கு அடுத்ததாக, எல்லைக்கு வெளியே இருக்கும். உறங்காமல் சந்தில் அகப்பட்டதன் முகவரி எல்லைக்கு உள்ளே இருக்கும். உறங்கியதா இல்லையா என்று தனியே ஒரு குறிப்பு வைத்திருக்கத் தேவையில்லை, முகவரியே சொல்லிவிடுகிறது. இன்னொன்று: இந்தப் பகுதி 32 ஆல் மீதியின்றி வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டுமென்று அசெம்பிளருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஏன் அந்தக் கட்டுப்பாடு என்பது அடுத்த இடத்தில் தெரியும்.

இன்டரப்ட் வந்ததும் ஓடும் முன்னுரை ஆறே வரி. இந்த நேரத்தில் கேர்னலின் கையில் கே0, கே1 என்ற இரண்டு பதிவேடுகள்தான் உண்டு. மற்றவற்றிலெல்லாம் இடைநின்ற நிரலின் சொத்து இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. முதல் வரி, திரும்பும் முகவரியைக் கே0 இல் எடுக்கிறது. இரண்டாவது, உறங்கும் பகுதியின் தொடக்க முகவரியைக் கே1 இல் வைக்கிறது. கை இரண்டும் நிறைந்துவிட்டன. இப்போது கே0 இன் கடைசி ஐந்து பிட்டை அழிக்க வேண்டும். அழிப்பதற்கு ‘ஆண்ட்’ போதுமே என்று தோன்றும். ஆனால் மிப்ஸில் அறிவுறுத்தலுக்குள்ளேயே எழுதும் எண் 16 பிட்தான். ஆண்ட் செய்தால் மேற்பாதி முழுவதும் சேர்ந்து அழியும். முழு நீள எண்ணை வேறொரு பதிவேட்டில் வைத்துச் செய்யலாம் என்றால், மூன்றாவது பதிவேடு இல்லை. ஆகவே மூன்றாம் வரி 31 உடன் ‘ஓர்’ செய்கிறது: ஐந்து பிட்டும் ஒன்றாகிவிடும். நான்காம் வரி அதே 31 உடன் ‘எக்ஸோர்’ செய்கிறது: ஐந்தும் கவிழ்ந்து பூச்சியமாகும். அழிப்பதற்காக முதலில் நிரப்புகிறார்கள்.

ஐந்தாம் வரி, கே0 உம் கே1 உம் ஒன்றா என்று பார்க்கிறது. வேறானால் வழக்கமான பாதை. ஒன்றானால், எல்லைக்குள் அகப்பட்டிருக்கிறோம். ஆறாம் வரி கே0 ஐ அப்படியே திரும்பும் முகவரியாக எழுதிவிடுகிறது. எங்கள் கரையோரத்து நாட்டார் கவியில் மூன்றடி வேறெதையோ பேசிக்கொண்டு வந்து, நாலாம் அடியில் எல்லாம் பொருந்தி விழும். ஆறாம் வரியும் அப்படி விழுகிறது. 32 ஆல் வகுபடும் இடத்தில் தொடங்க வைத்ததால், கடைசி ஐந்து பிட்டை இழந்த எந்த உள்முகவரியும் தொடக்க முகவரியாகவே ஆகிவிடுகிறது. நோயைச் சோதிக்கக் கணித்த விடையே மருந்தாகவும் இருக்கிறது. தனியே இன்னொரு கணக்குப் போடவில்லை.

மிப்ஸ் பகுதியில் இந்தச் சிக்கனம் ஓரிடத்தில் மட்டும் இல்லை. நினைவக முகவரியை மாற்றித் தரும் அட்டவணையில் ஒரு பதிவு இல்லாமற்போனால், மிப்ஸ் தானே தேடாது, மென்பொருளைக் கூப்பிடும். அந்த மென்பொருளுக்கு ஒதுக்கிய இடம் 128 பைட், அதாவது 32 அறிவுறுத்தல். ஒவ்வொரு சிப்புக்கும் ஒவ்வொரு குணம். இங்கே ஒரு நாப் வேண்டும், அங்கே வேண்டாம். தீமோ சோய்பர் அந்த மென்பொருளை எழுதிய கோப்பில் கேர்னலுக்குள்ளேயே ஒரு குட்டி அசெம்பிளரைப் பயன்படுத்தினார். கணினி தொடங்கும்போது இது எந்தச் சிப் என்று பார்த்து, அதற்கேற்ற வரிகளைக் கேர்னல் அந்த நிமிடத்திலேயே தானாக எழுதி உரிய இடத்தில் வைக்கிறது. அந்தக் கோப்பின் தலைப்பில் ஒரு பகிடியும் உண்டு: எழுதி எழுதிப் புத்தி பேதலித்துவிட்டது என்ற பொருளில் ஒரு புலம்பல், பதினான்காம் நெப்போலியன் என்ற பகிடிப் பாடகருக்கு ஓர் அனுதாபம். சோய்பர் 2008 டிசம்பர் 26 அன்று வாகன விபத்தில் இறந்தார். 2009 பெப்ரவரியில் வெளியான டெபியன் லினக்ஸின் 5.0 பதிப்பை அவருக்கு அர்ப்பணித்தார்கள். டிசம்பர் 26 இந்தக் கரைக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாத நாள். 2004 கடற்கோளுக்குப் பிறகு அந்தத் திகதியில் எந்த மரணச் செய்தியையும் நாங்கள் வேகமாகக் கடந்துபோவதில்லை.

நெமோட்டோவின் ஆறு வரி பதினேழு ஆண்டுகள் நின்றது. அந்த வரிகளில் பிழை முளைக்கவில்லை. சுற்றியிருந்த கேர்னல்தான் மாறியது. இன்டரப்ட் இப்போது கொடியை ஏற்றாமலே, புதிய டைமர் ஒன்றை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். கொடியை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினால், கொடி இறங்கியே இருக்கும். டைமர் கவனிக்கப்படாமல் கிடக்கச் சிப் உறங்கிவிடும். 2025 இல் பிரெடெரிக் வைஸ்பெக்கரும் மார்கோ கிரிவெல்லாரியும் இதைத் திருத்தினார்கள். மிப்ஸ் வட்டாரத்தின் பழைய கை மச்சேய் ருஷிட்ஸ்கி கூடவே நின்று வரிவரியாகப் பார்த்தார்.

திருத்தத்தின் அழகு அதன் திசையில் இருக்கிறது. முன்பு அகப்பட்டவரைப் பின்னால் அனுப்பினார்கள். இப்போது வெயிட்டைத் தாண்டி முன்னால் அனுப்புகிறார்கள். உறங்கவே வேண்டாம், வெளியே போய்க் கேர்னலின் பொதுச் சுற்றில் எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டு வரட்டும். தேடுவது இப்போது பகுதியின் தொடக்கத்தை அல்ல, முடிவை. ஆகவே பிட்டுகளை நிரப்பினால் போதும், கவிழ்க்க வேண்டியதில்லை: ‘ஓர்’ தங்கியது, ‘எக்ஸோர்’ போய்விட்டது. மைக்ரோமிப்ஸ் என்ற சுருக்க வடிவில் முகவரியின் கடைசி பிட்டுக்குத் தனிப் பொருள் உண்டு; அது கெடாமல் கடந்துபோக ஓரிடத்தில் 2 ஐக் கழித்து இன்னோரிடத்தில் 2 ஐக் கூட்டியிருக்கிறார்கள். பகுதியின் நீளத்தை அசெம்பிளரே அளக்கிறது. 32 பைட்டை மீறினால் கேர்னல் உருவாகவே விடாது. நாளை ஒருவர் அறியாமல் ஒரு வரி சேர்த்தால் அவரைத் தடுக்கும் காவல் அது.

யாரும் பார்க்காத பகுதிகளுக்குக் கேர்னலில் இடமில்லை. 2018 இல் 4.17 பதிப்புக்காக ஆர்ண்ட் பெர்க்மன் பிளாக்ஃபின் உட்பட எட்டுப் புரொசெசர் குடும்பங்களை ஒரேயடியாக நீக்கினார். மிப்ஸ் தங்கியிருப்பதற்குக் காரணம், அதை வாசிப்பவர்கள் தங்கியிருப்பதுதான். இவ்வளவு உழைப்பும் நம் ஊர் ரவுட்டர்களில் எத்தனைக்கு வந்து சேரும் என்று கேட்டால், பதில் மகிழ்ச்சியானதல்ல. செய்த நிறுவனம் கைவிட்ட பெட்டிகளில் பழைய கேர்னலே ஓடுகிறது. தன்னார்வலர்கள் நடத்தும் ஓப்பன்டபிள்யூஆர்டி வழியாகப் புதியதை ஏற்றலாமென்றால், 4 மெகாபைட் பிளாஷ் உள்ளவற்றுக்கு 19.07 பதிப்போடு அந்த வழியும் மூடிவிட்டது.

இருந்தும் நான் இதைப் பெரிதாக மதிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கவிதையை ரசிப்பவர் அதில் ஓர் எழுத்தையும் தொடுவதில்லை. தொடாமலிருப்பதே அங்கே மரியாதை. பராமரிப்பவருக்கு அந்த வசதி இல்லை. நான்கு நாப் ஏன் நிற்கின்றன, எட்டாவது இடத்தில் வெயிட் ஏன், நிரப்பிவிட்டுக் கவிழ்த்தது ஏன் என்று முதலாமவரின் மனதுக்குள் போய் ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்த பிறகுதான் அவரால் ஒரு வரியை எடுக்க முடியும். 2025 இன் திருத்தத்தில் ‘எக்ஸோர்’ இல்லாமற்போன இடமே, 2008 ஐ அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக வாசித்தார்கள் என்பதற்குச் சான்று. நயம் பாராட்டலில் இதுவும் ஒரு வகை, ரசித்தவர் தன் வாசிப்புக்குப் பொறுப்பேற்கும் வகை. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஜெனெக்ஸ் கோப்பின் பழைய வடிவையும் புதிய வடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பென்சிலோடு வாசிக்கலாம். பணம் கட்டத் தேவையில்லை, கோப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. மிப்ஸின் பராமரிப்பாளர் பட்டியலில் புதிய பெயர்களுக்கு எப்போதும் இடமுண்டு.