பழைய தளமும் புதிய பலகையும்

கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் என்னும் இயக்குதளத்தை, இசட்80 நுண்செயலி கொண்ட ஆர்சி2014 போன்ற இன்றைய பலகைகளுக்கு மாற்றும் கைவினையின் அழகு, வன்பொருளோடு உறவாடும் பகுதியை அவர் பின்னர் பயாஸ் எனத் தனியே பிரித்துவைத்ததில் தங்கியுள்ளது. சிபி/எம் 2.2 பதிப்பின் பயாஸுக்கு 17 நுழைவாயில்களே உண்டு என்பதால், விசையெழுத்தைப் பெறுதல், வட்டின் தடத்தைத் தேர்தல் முதலியவற்றைத் திருத்தி எழுதினால் எஞ்சியவை பெரும்பாலும் மாறாமல் இயங்கும். ஆயினும், நெகிழ்வட்டை மனத்திற்கொண்டு 128 பைட்டுத் துண்டுகளாகவே தரவைக் கேட்கும் அத்தளத்துக்கு, 512 பைட்டுகளாகத் தரும் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையிலிருந்து உரிய கால்பகுதியைப் பிரித்தளிப்பதும், எழுதும்போது மற்ற மூன்றும் சிதையாமல் காப்பதுமே நிரலரின் தேர்ச்சி வெளிப்படும் இடமாகும்.