திரையில் கட்டமில்லாத வேலை

வேலையை எளிதாக்குவேன் என்ற வாக்குறுதியோடுதான் ஒவ்வொரு செயலியும் வருகிறது. பதிவேடுகள் குறையும், நேரம் மிச்சமாகும், எல்லாம் ஒரே திரையில் தெரியும் என்பார்கள். யாருடைய சிக்கல் குறைந்தது, அது யார் தலையில் போய் விழுந்தது என்று கேட்பவர் குறைவு. 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிமுகப்படுத்திய ‘போஷன் டிராக்கர்’ செயலியை இந்தக் கேள்வியோடு, ஒரு பிரதியை வாசிப்பதுபோலவே வாசிக்கிறேன்.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி மையங்களைப் பெண்களே நடத்துகிறார்கள். செயலி அவர்களிடம் கேட்பவை: மையம் திறக்கப்பட்டதா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், உணவு கொடுக்கப்பட்டதா, எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு. எடை குறைந்த பிள்ளையின் தாயிடம் அவள் மனம் நோகாமல் அதை எப்படிச் சொன்னீர்கள் என்று அது கேட்காது. மாமியாருக்குத் தெரியாமல் கருத்தடை பற்றி விசாரிக்க வந்த மருமகளோடு செலவழித்த அரைமணி நேரத்துக்கு அதில் கட்டம் கிடையாது. இந்த வேலையின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. செயலியோ எண்ணக்கூடியதை மட்டும் வேலை என்கிறது.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். தரமற்ற கருவி, ஆங்கிலத்தில் செயலி என்பவை அவர்களின் குறைகள். இதைத் ‘தொழில்நுட்ப அச்சம்’ என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது கூர்மையான ஒரு விமர்சன உரையாகவே படுகிறது.

2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முகப்பதிவு கட்டாயமானது. முதலில் ஆதார் சரிபார்ப்பு, அதற்கு ஓ.டி.பி. எண். அந்த எண் வரும் கைபேசி பல வீடுகளில் கணவனோடு வேலைக்குப் போய்விடுகிறது. சத்துமாவு கிடைக்காத தாய் எங்கோ இருக்கும் சர்வரிடம் கோபப்பட முடியாது, எதிரே நிற்கும் பெண்ணிடம்தான் கோபப்படுவாள். மேலிடத்தின் சிக்கல் அப்படியே கீழே இறங்கி, இரண்டு பெண்களுக்கு இடையிலான சச்சரவாகிவிடுகிறது.

ஜெஃப்ரி பௌக்கரும் சூசன் லீ ஸ்டாரும் 1999இல் வெளியிட்ட ‘சார்ட்டிங் திங்ஸ் அவுட்’ நூலில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகச் செவிலியர்கள் உருவாக்கிய பணிப் பட்டியலை ஆராய்கிறார்கள். பெயரில்லாத வேலைக்கு மதிப்பும் இல்லை என்பதால், நோயாளியைச் சிரிக்கவைப்பதைக்கூட அவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட வேலையைக் கண்காணிக்கவும் முடியும். இந்த இழுபறியை நூல் நேர்மையாகப் பேசுகிறது.

ஆனாலும் அந்த நூலை அப்படியே இங்கே பொருத்த எனக்குத் தயக்கமுண்டு. அயோவாவில் பட்டியலை எழுதியவர்கள் செவிலியர்களே. இங்கே அது மேலிருந்து எழுதி அனுப்பப்படுகிறது. அங்கே, தெரியவருவதற்குக் கொடுத்த விலை கண்காணிப்பு. இங்கே விலையைக் கொடுத்த பிறகும் வேலை தெரியவரவில்லை.

கூலிக் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கன்வாடி ஊழியர் பெறுவதற்குப் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம். ஒன்றிய அரசின் திட்டப்படி அது 2018இல் மாதம் 4,500 ரூபாயாக்கப்பட்டது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. கூலி கொடுக்கும்போது தொண்டர், கணக்குக் கேட்கும்போது ஊழியர்!

பழைய பதிவேடுகளை நான் ஏக்கத்தோடு நினைக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதிக் கை ஓய்ந்தவர்களும் இதே பெண்கள்தான். மையம் திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும் செயலியால், வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் தரவு ஏற்றும் நேரத்தைக் குறித்துவைத்து, கூடுதல் ஊதியத்துக்குச் சான்றாக்க முடியாதா? நுட்பத்தால் முடியும். அந்தக் கட்டத்தை யாரும் வரையவில்லை, அவ்வளவுதான். எந்தக் கட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் முடிவு செய்யும் நாளில்தான் இதை எளிமை என்று நான் ஒப்புக்கொள்வேன்.

இதைப் படிக்கும் மாணவிகள் தம் ஊர் மையத்துக்கு ஒருநாள் போய், செயலி கேட்காத கேள்விகளைக் கேட்டு எழுதிவரலாம். நம்முடைய விமர்சனம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.