ஏரியும் கொட்டகையும்

நண்பர் ஒருவர் சென்னையில் தம்முடைய ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார். அழைப்பு வந்தது, போனேன். இருபதுக்குச் சற்று அதிகமான படங்கள். அத்தனையும் நாட்டுப்புறக் காட்சிகள். ஏரி, ஏரிக்கரைப் பனைகள், மதகு, களத்துமேடு, நாற்றங்காலில் குனிந்து நிற்கும் பெண்கள், தூரத்தில் ஒரு கோவில் கோபுரம். பாதி எண்ணெய்வர்ணம், பாதி நீர்வர்ணம். அறைக்குள் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்துத் தீட்டியவை அல்ல. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், இரண்டு வருஷ காலம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், இடத்திலேயே நின்று தீட்டியவை என்று வாசலில் ஓர் அட்டை சொல்லிற்று.

அந்த அட்டையைப் படித்திராவிட்டால் நான் சந்தோஷமாகவே வீடு திரும்பியிருப்பேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பிரதேசத்தை நான் அறிவேன். ராமானுஜர் அவதரித்த ஊர் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட ஸ்ரீபெரும்புதூர் அதுவே. ஆனால் அதன் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் கார்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. அதன் பின் லாரித் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலைகள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அதிகாலையில் போனால் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் ஒன்றுகூட நண்பருடைய படங்களில் இல்லை. ஒரு மின்கம்பம் இல்லை. ஒரு தகரக் கூரை இல்லை. இருபது தடவை அங்கே போய் நின்றவர் இருபது தடவையும் எதற்கோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

குறை சொல்வதற்கு முன், வெளியே போய் வரைவது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓவியம் என்றால் வீட்டுக்குள் விளக்கடியில் நடப்பது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். படத்தைத் தாங்கும் மூன்று கால் சட்டத்துக்கு ஓவியர்கள் ஈசல் என்று பெயர் சொல்கிறார்கள். நம் ஊர் ஈசலைப் போலவே அதுவும் மழை விட்ட பிறகு வெளியே வந்தால்தான் விசேஷம். அப்போதுதான் ஏரியில் தண்ணீரும் வானத்தில் மேகமும் இருக்கும். நீர்வர்ணக்காரருக்கு நம் வெயில் பெரிய எதிரி. வானத்துக்கு ஒரே பூச்சாக நீலத்தைப் பரப்பினால், ஒரு மூலை உலர்வதற்குள் தூரிகை மறு மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். சித்திரை மாதத்தில் அது நடக்காது. நடுவானத்தில் கோடு விழுந்துவிடும். வெளிச்சத்துக்கென்று அவர் கையில் தனி வர்ணமும் இல்லை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே வர்ணம் படாமல் காகிதத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும். எதைத் தீட்டாமல் விடுவது என்பதைத் தீட்டத் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டிய கலை அது.

எண்ணெய்வர்ணக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. இருட்டின் மேல் வெளிச்சத்தைப் பூசலாம். பிடிக்காவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடியும் பூசலாம். ஆனால் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணம் நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். காற்றில் வருவதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு மத்தியிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். பனைமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஐரோப்பியர் எழுதிவைத்த நிலக்காட்சி இலக்கணமெல்லாம் சாய்ந்த வெயிலுக்கும் நீண்ட நிழலுக்கும் ஏற்பட்டது. நமக்கு அது காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமுந்தான் பொருந்தும். நடுப்பகலின் வெள்ளை வெளிச்சத்தை என்ன செய்வது என்பதை நம் ஓவியர் தாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் நாட்டு நிலத்தை முதலில் இப்படி ஊர் ஊராகப் போய் வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் வெள்ளைக்காரர்கள். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை போய் வந்தார்கள். அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ 144 படங்களுடன் 1795க்கும் 1808க்கும் இடையில் லண்டனில் வெளிவந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் நம்முடைய மனிதர்கள் பெரும்பாலும் கோவிலின் உயரத்தை எடுத்துக்காட்டும் அளவுகோலாகவே நிற்கிறார்கள். 1874இல் எட்வர்ட் லியர் தென்னாட்டுக்கு வந்தார். வேடிக்கைப் பாட்டுக்களால் பிரசித்தி பெற்றவர், அப்போது அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ஒரு பழக்கம். அவசரமாகக் கோடு போட்டுவிட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்பதைப் படத்தின் மேலேயே வார்த்தைகளில் குறித்துக்கொள்வார். ஓவியரும் எழுத்தாளரும் ஒரே காகிதத்தில் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அதே 1874இல்தான் பாரிஸில் மோனே, பிஸ்ஸாரோ முதலியவர்கள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். வெளியே நின்று வரைவதை ஒரு விரதமாகவே கொண்டவர்கள் அவர்கள். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் வர்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அரைத்த வர்ணத்தைப் பையில் கட்டித் தூக்கித் திரியும் தொல்லை ஒழிந்தது. நம் ஞாயிற்றுக்கிழமை ஓவியர்கள் எல்லோருக்கும் அவர்களே குலகுரு. மோனே என்றால் வைக்கோற்போர், அல்லிக்குளம் என்று நமக்கு நினைவு வருகிறது. ஆனால் அதே மோனே 1877இல் ஸான் லாஸார் ரயில் நிலையத்துக்குள் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய், இஞ்சின் புகையைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். பிஸ்ஸாரோ 1873இல் வாஸ் நதிக்கரைத் தொழிற்சாலையைப் புகைபோக்கியோடு தீட்டினார். நதியைத் தீட்டியது போலவே அதையும் தீட்டினார். அவர்களிடமிருந்து தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்ட நாம், எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. கோயமுத்தூரில் 1911இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936இல் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தேவிபிரசாத் ராய் சௌதரி அப்போது அங்கே முதல்வர். மெரீனாவில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பணிக்கருடைய ஆரம்ப காலத்து நீர்வர்ணங்களில் தென்னையும் கால்வாயும் வயலும் ஈரம் காயாமல் இருக்கும். அதையே அவர் வாழ்நாள் முழுவதும் செய்திருந்தால் கஷ்டமில்லாமல் பெயரோடு இருந்திருப்பார். ஆனால் அவர் அதை விட்டுவிட்டார். 1963 முதல், ஜாதகக் கட்டங்களைப் போன்ற சதுரங்களும் எழுத்து மாதிரியான கீறல்களும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தீட்டினார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பசுமையான வயலை விட்டு இந்தக் கிறுக்கலுக்கு ஏன் போனார் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. என் அபிப்பிராயம் இது: தமக்கு நன்றாகக் கைவந்துவிட்ட ஒரு அழகு இனிமேல் தம்மை எதையும் பார்க்கவிடாது என்று அவர் பயந்திருக்க வேண்டும். எல்லோரும் அவரைப் போல நிலக்காட்சியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயமாவது வேண்டும் என்கிறேன்.

கண்காட்சி முடிந்த அடுத்த ஞாயிறு நண்பரோடு நானும் போனேன். ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஏரி. பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே சொல்வார்கள். மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, மதகு வைத்துப் பாய்ச்சி வாழ்ந்த சீமை. நண்பர் கரையில் சட்டத்தை நிறுத்தி எண்ணெய்வர்ணத்தை எடுத்தார். தண்ணீருக்கு அப்பால், பனைகளுக்குப் பின்னே, ஒரு தொழிற்சாலைக் கொட்டகை நீளமாகப் படுத்திருந்தது. காலை வெயில் அதன் கூரையில் பட்டுக் கண்ணைக் கூசிற்று. நண்பர் பனைகளைத் தீட்டினார். பனைகளுக்குப் பின்னே வானத்தைத் தீட்டினார்.

ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி வந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கம்பெனிய காணோமேப்பா?” என்றாள்.

“அது வேண்டாம் ஆயா. படத்துக்கு அழகா இருக்காது.”

“எம் பேத்தி அதுலதான் வேலை செய்யுது. ராத்திரி ஷிப்டு. இப்பத்தான் பஸ்ஸுல வந்து எறங்கிப் படுத்துக்கினு இருக்குது.” சற்றுப் பொறுத்து, “அந்தக் கட்டடம் இருக்குதே, அங்கதான் எங்க கழனி இருந்துச்சு. ரெண்டையும் விட்டுட்டியே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரன் கணக்கில் ஒரு சாமானை விட்டுவிட்டதை எடுத்துச் சொல்வது போலச் சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கண்காட்சி மண்டபத்தில் யோசித்து யோசித்துச் சொல்ல முடியாமல் போன விமரிசனம் அதுதான். தொழிற்சாலை அழகா அவலட்சணமா என்பதல்ல விஷயம். அந்தக் கூரைக்குக் கீழே அவள் இழந்ததும் இருக்கிறது. அவள் வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான். கூரையை விட்டுவிட்டால் இரண்டும் படத்திலிருந்து போய்விடுகின்றன. மிஞ்சுவது யாருக்கும் சொந்தமில்லாத ஓர் ஏரி.

தொழிற்சாலை எங்கே ஓடிவிடப் போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே செல்போன் செய்தார்கள். 2014இல் அது மூடப்பட்டது. எட்டே வருஷம். ஒரு பனங்கன்று வளர்ந்து நுங்கு காய்க்கக்கூட அது போதாது. அந்தப் பெண்கள் ஷிப்டு முடிந்து வாசலில் வந்து நின்ற விடியற்காலை வெளிச்சத்தை யாராவது தீட்டியிருக்கிறார்களா? நான் போன எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை.

நண்பரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இத்தகைய படங்களை வாங்குகிறவர்கள் நாம். புது வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு மேலே மாட்டுவதற்கு மாட்டுவண்டியும் ஏரியும் கேட்கிறோம். அந்த வீடு கட்டிய மனையே ஒரு காலத்தில் ஏரியின் ஆயக்கட்டாக இருந்திருக்கலாம். நிலத்தை அழித்துவிட்டு அதன் படத்தை மாட்டிக்கொள்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

நானும் விலக்கல்ல. சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில் இதே மாதிரி ஏரிக்கரைக் கிராமம் ஒன்று வருகிறது. கதாநாயகன் விடுமுறைக்கு ஊருக்கு வந்து கரைமேல் நடக்கிறான், கொக்கு பறக்கிறது, மனசு லேசாகிறது. அந்த அத்தியாயத்தைப் பாராட்டி வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தக் கரையிலிருந்து பார்த்தால் மூன்று கொட்டகைகள் தெரியும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். கதைக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டேன். கிழவி பேசியபோது நண்பர் தலை குனிந்தார். பக்கத்தில் நின்ற நானும் குனிந்துகொண்டேன்.

அன்று பட்டறைக்குத் திரும்பிய பிறகு நண்பர் அந்த எண்ணெய்வர்ணத்தை ஜன்னலருகே வைத்துக் காட்டினார். வானம் முழுவதும் பொடிப் பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. சாலையில் சரளைக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் கிளப்பிய புழுதி. அவர் உள்ளே விட மறுத்த ஒரகடம், ஈர வர்ணத்தில் தானாகவே வந்து ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம் செய்தார். இந்தத் தடவை நீர்வர்ணம். கொட்டகைக் கூரையை அவர் தீட்டவில்லை. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டார். சுற்றிலும் பனைகளின் கறுப்பு, கீழே தண்ணீரின் பச்சை. படத்தில் அதிக வெளிச்சமான இடம் அந்தக் கூரைதான். நல்ல படம் என்று சொல்லமாட்டேன். கொட்டகை நிலத்தில் உட்காராமல் ஒட்டவைத்தது போல நிற்கிறது. அதன் வெள்ளை தண்ணீரில் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் பிரதிபலிப்பு இல்லை. இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்த ஒன்றை ஒரே காலையில் பார்த்துவிட முடியாதல்லவா? ஆனாலும் அவருடைய ஏரிகளில் இது ஒன்றுதான், இன்ன இடத்து ஏரி என்று நான் அடையாளம் சொல்லக்கூடியது.

புழுதி படிந்த எண்ணெய்வர்ணத்தை ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீர்வர்ணத்தை யாரும் கேட்கவில்லை. அது இப்போது என் மேஜைக்கு எதிரே தொங்குகிறது. இனாமாகக் கொடுக்கிறேன் என்றார். நான் பணம் கொடுத்தே வாங்கினேன்.